பாப்பாவுக்கு எடுத்து வைக்கும் இட்லி

சென்னையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கணவர், ஆறு வயது மகன். தினமும் அவர் பஸ் ஏறும் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மூடிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கலாம். சடை பிடித்த முடி. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று புடவை. மடியை விட்டு இறங்காத ஒரு சாக்குப் பை. தனக்குத்தானே பேசிக்கொள்வார், யாரிடமும் கை நீட்ட மாட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் வாசகி தன் டிபன் பாக்ஸைத் திறந்து நான்கு இட்லியைக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து வேலை நாள் தவறாமல் நான்கு இட்லி. அந்த அம்மா மூன்றைச் சாப்பிட்டுவிட்டு நான்காவதைத் தாளில் மடித்துப் பைக்குள் வைப்பாராம். "பாப்பாக்கு" என்பாராம்.

அலுவலகத் தோழிகள் இருவர் சேர, ஞாயிறுதோறும் சாலையோரத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் சிறு குழு உருவானது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், "சோறு போட்டு என்ன ஆகப்போகுது, ஆளையே மாத்திக் காட்டுவோம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோல், டிரிம்மர், புதுப் புடவையோடு வந்துவிட்டார். இன்னொருவர் கையில் போன், வீடியோ எடுக்க. அந்த அம்மா அலறியிருக்கிறார். இருவர் கையைப் பிடித்துக்கொள்ள, பாதி முடி வெட்டிய நிலையில் உதறிக்கொண்டு ஓடிவிட்டார். ஓடியதை மட்டும் நீக்கிவிட்டு மீதியை இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். பாராட்டு குவிந்தது. மறுநாள் காலை அந்த அம்மா அதே படியில்தான் இருந்தார். ஆனால் வாசகி நீட்டிய பொட்டலத்தை வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வாரமாக இப்படித்தான்.

இப்போது அவர் காலில் ஒரு புண், பாதம் வீங்கியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் விரட்டப் பார்க்கிறார். காவல் நிலையத்தில் "புகார் எதுவும் இல்லையே, நாங்க என்ன பண்றது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீடியோவைப் பார்த்த ஒருவர், புறநகரில் தான் நடத்தும் இல்லத்திலிருந்து வேன் அனுப்புவதாகவும், டீயில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்தால் ஏற்றிவிடலாம் என்றும் சொல்கிறார். "ஊரையெல்லாம் நீயா காப்பாத்தப் போற?" என்கிறார் கணவர்.

வாசகி கேட்பது: வேனில் அனுப்பிவிடலாமா? இல்லை, வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா? கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கிருந்து வெளியே வரவே முடியாதாமே? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் என் மேல் வருமா? கடைசியாக ஒன்று: "இந்த எட்டு மாதத்தில் நான் செய்ததற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் காலைப் பாருங்கள். மற்ற எல்லாம் அப்புறம். புண்ணில் புழு இருந்தாலோ, சுற்றியுள்ள தோல் கறுத்தாலோ, உடம்பு கொதித்தாலோ, அந்த அம்மா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, 108-ஐ அழையுங்கள். அதை மனநலப் பிரச்சினை என்று யாராவது ஒதுக்கினால் விட்டுக்கொடுக்காதீர்கள். புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் பரவினால் அதுவே மனக் குழப்பத்தை உண்டாக்கும். சர்க்கரை, இரத்தசோகை, தைராய்டு எல்லாம் இப்படிப்பட்டவர்களிடம் கவனிக்கப்படாமலே கிடக்கும். "பைத்தியம்" என்று தெருவே முடிவு கட்டிய ஒருவருக்கு உடம்பும் உண்டு என்பது அடிக்கடி மறந்துபோகிறது.

நான் மனநல சமூகப் பணியாளர். இருபது வருடத்துக்கு மேலாக, தெருவில் இருந்து மருத்துவமனைக்கும் மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கும் ஆட்களை அழைத்துப் போவதுதான் என் வேலை. கடிதத்தைப் படித்து அந்த அம்மாவுக்கு என்ன நோய் என்று சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.

அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்

முடி வெட்டுவதை நீங்கள் சுத்தம் என்று நினைத்தீர்கள், அவர் வேறு எதையோ நினைத்திருப்பார். தெருவில் படுத்த பெண்கள் பலர், பிறகு சிகிச்சையில் தெளிந்து பேசும்போது, எனக்குச் சொன்ன ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அம்மாவிடம், "ஏம்மா அந்தக் கோடையிலும் நாலு புடவை சுத்தியிருந்தீங்க?" என்று கேட்டேன். "நாத்தம் அடிச்சா கிட்ட வர மாட்டானுங்க. வந்தாலும் அவுக்க நேரமாகும்" என்றார். சாதாரணமாக, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார். அன்று அதற்கு மேல் எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் தனியாகப் படுக்கும் ஒரு பெண்ணின் அழுக்குக்கும் கந்தலுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கலாம். அந்தப் பெண்ணை இருவர் கையைப் பிடித்துக்கொண்டால் அவருக்கு எது ஞாபகம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. நீங்கள் கையைப் பிடிக்கவில்லை, தடுக்க முடியாமல் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள், படிக்கும்போதே உங்கள் வேதனை தெரிகிறது. ஆனால் அவர் பார்வையில் அவர்களை அழைத்து வந்தது நீங்கள்தான். எட்டு மாதம் இட்லி கொடுத்த கைக்குப் பின்னால் கத்தரிக்கோல் வந்தது.

நம்பிக்கை திரும்ப வரும். வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தனியாகப் போங்கள். போன் கையில் இருக்கக் கூடாது. எதிரே நின்று குனிந்து நீட்டாமல், அதே படியின் மறுமுனையில், ஓர் ஆள் படுக்கிற தூரம் விட்டு உட்காருங்கள். பொட்டலத்தை நடுவில் வையுங்கள். "அன்னிக்கு நடந்தது தப்பும்மா. இனிமே நான் மட்டும்தான் வருவேன்" என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். புரிந்ததா என்று பார்க்க வேண்டாம், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பஸ் வந்ததும் கிளம்பிவிடுங்கள். மறுநாளும் அதே நேரம், அதே இடம். அவர் எடுத்துச் சாப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அதுகூட அவருக்குப் பாரமாக இருக்கலாம். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். காலின் நிலைமை அதுவரை தாங்காது என்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஒருவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்கிறது. சிகிச்சைக்கு வராத ஒருவருக்கு மட்டும் அந்தக் கண்ணியம் வேண்டாமா என்ன? "வீடியோவைப் பார்த்து அவங்க குடும்பம் வரலாமே" என்று உங்கள் குழுவில் வாதம் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரலாம்தான். ஆனால் அவரைத் தெருவுக்கு விரட்டியதே அந்தக் குடும்பத்தில் ஒருவர் என்றால், அந்த ஆளும் வருவார். குடும்பத்தைத் தேடும் வேலைக்குப் புகைப்படம் தேவைப்படும், அதைக் காவல் துறை வழியாகச் செய்ய முறை இருக்கிறது.

டீயில் கலக்கச் சொன்ன மாத்திரை

கூடவே கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. வயது தெரியாத, எடை தெரியாத, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று தெரியாத ஒருவருக்கு, டாக்டர் இல்லாமல் தூக்க மருந்து கொடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். சட்டப்படியும் அது குற்றம். ஒருவருக்குத் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்து வண்டியில் ஏற்றிப் போவதற்கு நல்ல நோக்கம் கேடயமாகாது. "நல்ல சமாரியர் சட்டம் என்னைக் காப்பாற்றும் அல்லவா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதுகாப்பு சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு உதவுகிறவர்களுக்கானது. இதற்குப் பொருந்தாது.

அந்த வேன் ஆளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மாத்திரை கலக்கச் சொல்லும் ஒருவரிடம் ஓர் உயிரை ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன். மனநோயாளிகளைத் தங்க வைத்துக் கவனிக்கும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்களைத் தங்க வைக்கும் இல்லங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2014-ல் வந்த தனிச் சட்டமும் உண்டு. பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார், சொல்லாமல் கொள்ளாமல் நான் வந்து பார்க்கலாமா, இரவில் பெண் பணியாளர் யார் இருக்கிறார், இதுவரை எத்தனை பேர் குணமாகி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வராத இடம் என்றால், உள்ளே போனவர் உள்ளேயேதான்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களில் பல, நல்லது நடக்கும் என்று நம்பித்தான் விட்டன. என் துறையில் இருக்கும் எங்கள் தலைமுறைக்கு அந்தத் தேதி மறக்காது.

காவல் நிலையத்தில் என்ன கேட்பது

"புகார் இல்லாமல் போலீஸ் எதுவும் செய்ய முடியாது" என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள். நிஜத்தில் புகாரே தேவையில்லை. நான் சொன்ன அதே 2017 சட்டத்தின் 100-வது பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தன் எல்லைக்குள் அலைந்து திரியும் ஒருவருக்கு மனநோய் இருக்கிறது, தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியவில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குச் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் பொறுப்பு.

நடைமுறையில் எப்படி? வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு பக்க மனுவாக எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். "இவரை அப்புறப்படுத்துங்கள்" என்று எழுதாதீர்கள். "இவருக்கு மருத்துவ உதவி தேவை, 100-வது பிரிவின்படி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள். கடைக்காரர் கேட்பதும் நீங்கள் கேட்பதும் வேறு வேறு என்பது நிலையத்தில் இருப்பவருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும். அழைத்துப் போகும்போது பெண் காவலர் இருக்க வேண்டும் என்றும், அவர் பை அவரோடு போக வேண்டும் என்றும் மனுவிலேயே கேளுங்கள்.

அதோடு, சென்னையில் காவல் துறையே 2021-ல் 'காவல் கரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. ஆதரவின்றித் தெருவில் இருப்பவர்களைத் தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து மீட்பதற்கென்றே ஏற்பட்டது அது. உள்ளூர் நிலையத்தில் பதில் வரவில்லையென்றால் அவர்களைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181-க்கும் சொல்லிவையுங்கள். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும் என்று தோன்றினால் முதியோர் உதவி எண் 14567. ஒன்றில் சொன்னதை இன்னொன்றிலும் சொல்வது தவறில்லை, யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள்.

கேஸ் உங்கள் மேல் வராது. தகவல் சொன்னவர் ஜாமீன்தாரர் ஆகிவிட மாட்டார், ஆஸ்பத்திரி பில்லும் உங்களிடம் வராது. வீடில்லாதவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் அரசு மனநல சிகிச்சை இலவசம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றே ஒன்று: "சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட்டால் சுலபமாகச் சேர்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அக்கா மகள் என்று பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பாசத்தில் செய்கிற பொய்தான், நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவருடைய உண்மையான குடும்பத்தை யாரும் தேட மாட்டார்கள், "சொந்தம்தான் வந்துவிட்டதே" என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஆள் இல்லாதவருக்கு, சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்கும் நியமனப் பிரதிநிதி வைப்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. இடைக்காலத்தில் பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் ஆள் அந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

கீழ்ப்பாக்கம் என்றாலே வரும் பயம்

நம்மூரில் 'கீழ்ப்பாக்கம்' ஒரு வசவாகவே ஆகிவிட்டது. 1794-ல் வேர் விட்ட நிறுவனம் அது. அத்தனை வருடத்தில் உள்ளே போய் மறக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க முடியாது. ஆனால் இன்றைய சட்டம் வேறு. நோயாளி முடிவெடுக்கும் நிலையில் இல்லையென்றால், இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்த பிறகுதான் பிறர் ஆதரவோடு சேர்க்க முடியும், அதுவும் முதலில் அதிகபட்சம் 30 நாள். குடும்பம் இல்லை, வீடில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில், தெருவில் இருக்கும் மனநோயாளிகளுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் நடக்கின்றன. எல்லா இடத்திலும் எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் வாராவாரம் போய், "அந்த அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பது அவசியம். வார்டில் கேட்பாரற்றவருக்கும் கேட்பார் உள்ளவருக்கும் கிடைக்கும் கவனிப்பு வித்தியாசப்படும். அது நியாயமில்லைதான், ஆனால் உண்மை.

மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில், பல வருடம் பேசாதவர் ஊர்ப் பெயர் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். 2018-ல் மகசேசே விருது பெற்ற மருத்துவர் பரத் வட்வானியின் வேலை முழுவதும் இதுதான்: தெருவில் இருப்பவருக்குச் சிகிச்சை கொடுத்து, அவர் சொல்லும் ஊருக்கு, அது எந்த மாநிலமானாலும், அழைத்துப் போய் விடுவது. சென்னையில் 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கியதும், தெருவில் கண்ட ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் கிடைக்காமல் அலைந்த பிறகுதான். இருவரும் அப்போது உங்களைவிடச் சின்ன வயது.

வீட்டுக்கு அழைத்து வரலாமா

வேண்டாம். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். பையனுக்கு ஆபத்து என்ற பயத்தில் சொல்லவில்லை. மனநோய் உள்ளவர்கள் வன்முறையானவர்கள் என்ற நினைப்பே பெரும்பாலும் தவறு, அவர்கள்தான் மற்றவர்களிடம் அடி வாங்குகிறவர்கள். நான் யோசிப்பது அந்த அம்மாவைப் பற்றி. தெரியாத வீட்டில், பூட்டிய கதவுக்குள், சிகிச்சை இல்லாமல் அவர் இருந்தால் அதற்குப் பெயர் அடைத்து வைப்பது. இரண்டாவது நாள் அவர் வெளியே போக வேண்டும் என்பார். கதவைத் திறப்பீர்களா, மூடுவீர்களா? இரண்டுமே உங்களால் முடியாது.

கணவர் கேட்டதற்கு வருகிறேன். "ஊரையெல்லாம் நீயா காப்பாத்தப் போற?" என்பதில் எரிச்சல் மட்டும் இருப்பதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று வாரமாக நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? ஒருநாள் அவரையும் மனு கொடுக்க அழைத்துப் போங்கள். "இனிமேல் இது நான் ஒருத்தி சுமக்கிற விஷயம் இல்லை" என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

உங்கள் ஞாயிறு குழுவுக்கும் ஒரு வார்த்தை. சாப்பாடு கொடுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பசி பொய்யில்லை. ஆனால் நாற்பது பொட்டலத்தை ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டுப் போவதைவிட, அதே தெருவில் நாலு பேருடைய பெயரைத் தெரிந்துகொள்வது மேல். யாருக்கு இருமல், யார் போன வாரம் இருந்து இந்த வாரம் இல்லை, யாருக்கு ஆதார் தொலைந்து பென்ஷன் நின்றுபோனது என்று தெரிந்தால்தான் அடுத்த உதவி எது என்று தெரியும். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதனால் யாராவது வராமல் போனால், போகட்டும்.

ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்

நீங்கள் செய்ததற்கு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். தெருவிலிருந்து வரும் ஒருவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் முன்னால் பெரும்பாலும் வெற்றுத் தாள்தான் இருக்கும். பெயர்: தெரியாது. வயது: சுமார். எவ்வளவு நாளாக: தெரியாது. அந்த வெற்றுத் தாளை நிரப்பக்கூடிய ஒரே ஆள் இப்போது நீங்கள். எட்டு மாதம், தினமும், ஒரே நேரத்தில் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். இதைப் பணம் கொடுத்து யாராலும் வாங்க முடியாது.

உட்கார்ந்து எழுதுங்கள். முதலில் பார்த்த மாதம் எது. அப்போது நடந்தாரா, நொண்டினாரா. மெலிந்திருக்கிறாரா. இருமல் உண்டா. கை நடுங்குகிறதா. தனக்குத்தானே பேசும்போது யாருக்கோ பதில் சொல்வது போல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாரா, ஒரே மூச்சில் பேசுகிறாரா. சில வார்த்தைகள் தெலுங்கு போல இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே, அர்த்தம் தெரியாவிட்டாலும், எழுதுங்கள். அதைத் தெலுங்கு தெரிந்த ஒரு நர்ஸ் படித்துவிட்டு, "இது எங்க பக்கத்துப் பேச்சு" என்று ஒரு மாவட்டத்தின் பெயரைச் சொல்லலாம். அப்படித் தொடங்கிய தேடல்கள் உண்டு. கத்தரிக்கோல் விஷயத்தையும் மறைக்காமல் எழுதுங்கள், வார்டில் முடி வெட்டப் போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பை. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்மணியைச் சேர்த்தபோது, குளிப்பாட்டிய அவசரத்தில் அவருடைய துணி மூட்டையைக் குப்பை என்று எரித்துவிட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், தடுக்கத் தோன்றவில்லை. ஏழு மாதம் கழித்து அவர் தெளிவாகப் பேசத் தொடங்கியதும் முதலில் கேட்டது, "என் பையில பொண்ணோட மார்க் ஷீட் இருந்துச்சே, எங்க?" என்றுதான். பள்ளியின் பெயரும் ஊரும் அதில் இருந்திருக்கும். பையைத் திறந்து பார்த்திருந்தால் அந்த ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். ஊர் வேறு வழியில் கிடைத்தது, வீட்டுக்கும் போனார். ஆனால் அந்தத் தாளுக்கு நான் என்ன பதில் சொல்ல? அதனால்தான் பை கூடவே போக வேண்டும் என்று மனுவில் எழுதச் சொன்னேன். கெட்டுப்போன இட்லியை எடுத்துப் போடட்டும், தாளையும் துணியையும் ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி வைக்கட்டும். அவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

இந்த வாரத்துக்குள் மனுவைக் கொடுங்கள். கால் மோசமானால் 108, அதற்கு மனுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நடுவில் எந்த இடத்தில் சிக்கினாலும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

டாக்டருக்குக் கொடுக்கும் அந்தப் பக்கத்தில், "பாப்பாக்கு" என்று சொல்லி ஒரு இட்லி எடுத்து வைப்பதை மறக்காமல் எழுதுங்கள். சொல்லும்போது கையை எவ்வளவு உயரத்தில் காட்டுகிறார் என்பதைக் கவனித்திருந்தால் அதையும். கைக்குழந்தையா, பள்ளிக்கூடம் போகும் பெண்ணா என்று தேடுகிறவர்களுக்கு அதிலிருந்து தெரியும்.